வைரஸ் ஒளிந்திருந்த தொண்டை: எதிர்ப்பு சக்தி எங்கே போனது?

மருத்துவர் பதில்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியிலிருந்து வந்திருக்கும் ஒரு வாசகியின் கடிதத்துக்கே இந்த முறை அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டிருப்பவை பல வீடுகளில் கேட்கத் தயங்கும் கேள்விகள். அதே பகுதியிலிருந்து வந்த இன்னொரு கடிதத்துக்குக் கடைசியில் பதில் இருக்கிறது.

*

டாக்டருக்கு வணக்கம். ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். என் கணவருக்கு வயது 51. பீடி, சிகரெட், வெற்றிலை, குடி எதுவும் கிடையாது. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். நான்கு மாதம் முன்பு கழுத்தில் வலது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியது. வலியில்லை, ஜுரமில்லை. மாத்திரைக்கு அடங்கவில்லை. டி.பி.யாக இருக்கலாம் என்றார்கள். கடைசியில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து, பிறகு தொண்டையில் சதை எடுத்துப் பார்த்ததில் டான்சிலில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ‘பி16 பாசிட்டிவ்’ என்று போட்டிருக்கிறது. வைரஸால் வந்தது என்கிறார் டாக்டர். ஏழு வாரம் கரண்ட் வைக்க வேண்டும், கூடவே கீமோ என்கிறார். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் வந்தது, அதை ஏற்றினாலே போதும், கீமோ போட்டால் இருக்கிற சக்தியும் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மெஸ்ஸுக்கு வரும் வெளிநாட்டு அன்பர் ஒருவர், எங்கள் ஊரில் இதற்கு எதிர்ப்பு சக்தி ஊசியே இருக்கிறது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மனதில் இருப்பதையெல்லாம் வரிசையாகக் கேட்டிருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், ரமண நகர், திருவண்ணாமலை

அம்மா, நீங்கள் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியிருப்பதால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாக்டர் சொன்ன கரண்டும் (கதிர்வீச்சு) கீமோவும்தான் சரியான சிகிச்சை. அதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் எதிர்ப்பு சக்திக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. இனி ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

புகையிலையையே தொடாதவருக்குத் தொண்டைப் புற்றுநோய் எப்படி வந்தது?

காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக எச்பிவி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை மரு உண்டாக்குவதோடு நின்றுவிடும், அல்லது ஒன்றும் செய்யாமல் போய்விடும். சில வகைகள் மட்டும் ஆபத்தானவை. அவற்றில் முதலிடம் 16-ஆம் வகைக்கு. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டியில் இந்த 16-ஆம் வகையை 1983-ல் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசன். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வைரஸ் டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு அழுத்தமான சான்றுகளை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மௌரா கில்லிசனும் அவரது குழுவினரும் வெளியிட்டார்கள்.

இன்று அமெரிக்காவில் இந்த இடத்தில் வரும் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் எச்பிவியால் வருவது. நம் நாட்டில் அந்தப் பங்கு குறைவு. இங்கே வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும்தான் பெரிய காரணம். அதனால்தான் உங்கள் கணவரைப் போன்றவருக்கு வரும்போது, வைரஸ் என்ற எண்ணம் யாருக்கும் சட்டென்று வருவதில்லை.

வைரஸ் செய்யும் வேலை இதுதான். நம் செல் கண்டபடி பெருகாமல் தடுக்க உடம்பிலேயே சில காவல் புரதங்கள் இருக்கின்றன. எச்பிவி தயாரிக்கும் ஈ6 என்ற புரதம் அதில் பி53-ஐ அழிக்கிறது. ஈ7 என்ற புரதம் ஆர்பி என்பதை அழிக்கிறது. ஆர்பி போய்விட்டால், செல்லுக்குள் பி16 என்ற இன்னொரு புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். சதைத் துணுக்கை மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பி16 இருக்கும் செல்கள் பழுப்பு நிறத்தில் தெரியும். கட்டியின் செல்களில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடர்ந்த பழுப்பு நிறமாக இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். பி16 என்பது வைரஸ் விட்டுச்சென்ற தடயம். வைரஸையே நேராகப் பார்க்கிற பரிசோதனை அல்ல. வைரஸ் இல்லாமலே பி16 பாசிட்டிவாக வருவதும் உண்டு. எச்பிவியால் வரும் தொண்டைப் புற்றுநோய் குறைவாக உள்ள நாடுகளில் அந்தக் குழப்பம் அதிகம். எச்பிவியின் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ பரிசோதனையும் செய்ய முடியுமா என்று கேட்கலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

கழுத்துக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் முதல் நிலை என்று இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரி. இந்த வகைப் புற்றுநோய் டான்சிலில் மிகச் சின்னதாக இருக்கும்போதே கழுத்து நெறிக்கு வந்துவிடும். தொண்டையில் வலியோ அடைப்போ தெரியாது. வலியில்லாத கழுத்துக் கட்டிதான் பலருக்கும் முதல் அறிகுறி. நம் ஊரில் அதை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் கரையாத கழுத்துக் கட்டி எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, தொண்டைக்குள்ளும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய கணக்குப்படி கழுத்துக்கு வந்துவிட்டாலே மூன்றாம், நான்காம் நிலை என்று எழுதினார்கள். வைரஸ் வகை நோயாளிகள் அந்த நிலைகளிலும் நன்றாகக் குணமாவதைப் பார்த்த பிறகு, 2017-ல் வந்த புதிய வகைப்பாட்டில் இவர்களுக்குத் தனிக் கணக்கு வகுத்தார்கள். அதன்படி கட்டி சின்னதாக இருந்து, கழுத்தில் அதே பக்கம் மட்டும் ஆறு சென்டிமீட்டருக்குள் நெறி இருந்தால் முதல் நிலைதான். இணையத்தில் பழைய பக்கங்களைப் படித்துவிட்டு நான்காம் நிலையோ என்று கலங்க வேண்டாம்.

வைரஸ் என்றால் எதிர்ப்பு சக்தி அதை விரட்ட வேண்டாமா? இத்தனை வருஷம் என்ன செய்தது?

உங்கள் கேள்விகளில் ஆழமானது இதுதான். எதிர்ப்பு சக்தி என்றால் ஏறும், இறங்கும் ஓர் அளவு என்றே நாம் நினைக்கிறோம். அதன் முதல் வேலை சண்டை போடுவதல்ல, ஆளை அடையாளம் காண்பது. கார்த்திகை தீபத்தன்று உங்கள் தெரு முனையில் எத்தனை போலீஸ் நிற்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கூட்டத்தோடு கூட்டமாக, யாரையும் இடிக்காமல், சத்தம் போடாமல் நடந்துபோகிற திருடனை அத்தனை பேராலும் பிடிக்க முடியாது. பலம் குறைந்து அல்ல, அவன் யாரென்று தெரியாததால். எச்பிவி அப்படிப்பட்ட வைரஸ்.

ஃப்ளூ வைரஸ் உள்ளே நுழைந்த செல்லைக் கொல்கிறது. செல் சாகும்போது அபாயச் செய்தி கிளம்புகிறது. ஜுரம் வருகிறது, வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. எச்பிவி செல்லைக் கொல்வதில்லை. ரத்தத்தில் கலந்து சுற்றுவதுமில்லை. மேல்தோலின் அடியடுக்கில் நுழைந்து, அந்தச் செல்கள் இயல்பாக மேலே வந்து உதிரும்போது தானும் வெளியேறிவிடுகிறது. வீக்கமில்லை, ஜுரமில்லை. போதாததற்கு, செல் எழுப்ப வேண்டிய இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கையை ஈ6, ஈ7 புரதங்கள் அடக்கிவிடுகின்றன.

அப்படியிருந்தும் நம் உடம்பு பெரும்பாலும் ஜெயிக்கிறது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் வைரஸ் தானாகவே போய்விடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அங்கிருந்து புற்றுநோய் உண்டாக 15, 20, 30 வருடங்கள்கூட ஆகலாம்.

டான்சிலில் அது தங்குவதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. உள்ளே ஆழமாகப் போகும் பத்து முதல் முப்பது குழிகள் ஒவ்வொரு டான்சிலிலும் உண்டு. அந்தக் குழிகளின் சுவர் சல்லடைபோல் இடைவெளி விட்டது. சாப்பாடு, தூசு, கிருமி எல்லாம் நாள் முழுக்க அங்கே வந்து மோதுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உடம்பு பொங்கி எழுந்தால் தொண்டை எப்போதும் புண்ணாகவே கிடக்கும். அதனால் அந்தச் சுவரின் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, வரும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை ‘அடங்கி இரு’ என்று நிறுத்திவைக்கின்றன. டான்சில் எதிர்ப்பு சக்திக்கென்றே அமைந்த உறுப்பு. ஆனாலும் அங்கேயே எதிர்ப்பு அடங்கிக் கிடக்கும் இடங்கள் இருக்கின்றன. வைரஸ் குடியேறுவதும் அந்தக் குழிகளில்தான். 2013-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்.

அதே ஆண்டு ஐரோப்பாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. இந்தப் புற்றுநோய் வந்தவர்களின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஈ6-க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. நோய் வராதவர்களிடம் அது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. உடம்பு எதிரியைப் பார்த்திருக்கிறது. ஆனால் ஈ6 இருப்பது செல்லுக்குள்ளே. ஆன்டிபாடியால் அங்கே நுழைந்து அடிக்க முடியாது.

அப்படியானால் அவருக்கு எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வரவில்லையா? மனக்கவலைதான் காரணம் என்கிறார்களே. கசாயம் கொடுக்கலாமா?

எச்ஐவி உள்ளவர்களுக்கும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எச்பிவி புற்றுநோய்கள் அதிகம் வருவது உண்மை. ஆனால் டான்சில் புற்றுநோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் கணவரைப் போல நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள்தான். அவர் சரியாகச் சாப்பிடாததாலோ, கவலைப்பட்டதாலோ, தியானத்தில் குறை வைத்ததாலோ இது வரவில்லை.

ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் உங்களுக்கு 1949-ஆம் வருஷத்துக் கதை தெரிந்திருக்கும். பகவான் ரமணரின் இடது கையில் முழங்கை அருகே வந்த சின்னக் கட்டி சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்தது. பலமுறை அறுவை செய்தார்கள், ரேடியம் வைத்தார்கள், மூலிகை வைத்தியமும் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடலை நீத்தார். அது வேறு வகைப் புற்றுநோய். ஆனால் மன அமைதி இல்லாததால் அவருக்கு அது வந்தது என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்காவது மனம் வருமா? உங்கள் கணவர் மீதும் அந்தப் பழியைப் போட விடாதீர்கள். பிரார்த்தனையும் தியானமும் அவருக்குத் தைரியம் தரும். தாராளமாகச் செய்யட்டும். சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, சிகிச்சையோடு.

கசாயம் பற்றி. எதிர்ப்பு சக்தியை ‘ஏற்றுவதால்’ இந்தக் கட்டி கரையாது. கீமோவாக அவருக்கு வரப்போவது அநேகமாக சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதோடு என்ன சேர்ந்திருக்கிறதென்று தெரியாத சூரணமோ, பற்பமோ, செந்தூரமோ சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். வீட்டில் வைக்கும் மிளகு ரசத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. மருந்து என்ற பெயரில் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இது எப்படித் தொற்றியது? எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டுமா?

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. இந்த வைரஸ் தொண்டைக்கு வருவது பெரும்பாலும் வாய்வழி உறவால். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு வகை எச்பிவி வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றியிருக்கும். அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று இருபது வருடம் கழித்து எந்தப் பரிசோதனையும் சொல்ல முடியாது. கணவன் மனைவிக்குள் விசாரணை நடத்த இந்த ரிப்போர்ட் ஆதாரமாகாது. அவரவர் ஒழுக்கத்தைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே டம்ளரில் குடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, பிள்ளைகளைக் கொஞ்சுவது எதனாலும் பயமில்லை. மெஸ்ஸில் அவர் பரிமாறுவதாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகளின் துணைவர்களைப் பரிசோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் வாயில் ஆபத்தான எச்பிவி இருந்தது மற்றவர்களுக்கு இருக்கும் அதே அளவுதான், சுமார் ஒரு சதவீதம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: கருப்பைவாய்ப் பரிசோதனை. அது முப்பது வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் பொது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இந்த வகை நன்றாகக் குணமாகும் என்கிறார் டாக்டர். ஆறுதலுக்குச் சொல்கிறாரா?

இல்லை. 2010-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒரே மாதிரி சிகிச்சை பெற்ற தொண்டைப் புற்றுநோயாளிகளில் வைரஸ் வகையினர் 82.4 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம்தான்.

இந்த வித்தியாசத்தில் எதிர்ப்பு சக்திக்குப் பங்கு உண்டு. புகையிலையால் வரும் புற்றுநோய் நம் செல்லே கெட்டுப்போய் உருவாவது. அதில் அந்நியமானது குறைவு. வைரஸ் வகையில் ஒவ்வொரு செல்லும் உயிர் வாழ ஈ6, ஈ7 என்ற அந்நியப் புரதங்களைத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கைவிட்டால் அந்தச் செல்லுக்குப் பிழைப்பில்லை. ஆகவே அடையாளம் அழியாமல் நிற்கிறது. இந்தக் கட்டிகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே டி செல்கள் கூட்டமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். அவை நிறைய உள்ளவர்கள் நன்றாகவே பிழைக்கிறார்கள். வந்து சேர்ந்த டி செல்கள் கட்டியின் பிடி-எல்1 போன்ற தடைகளால் கட்டுண்டு நிற்கின்றன. கரண்டும் கீமோவும் கட்டியைச் சிதைக்கும்போது எஞ்சியவற்றைத் தீர்க்க அவை உதவுகின்றன என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு. தவிர, இந்தச் செல்களில் பி53 மரபணு கெடாமல் இருப்பதால் கரண்டுக்கும் சீக்கிரம் கட்டுப்படுகின்றன.

ஆனால் அந்த 82-ஐப் பார்க்கும்போதே மீதி 18-ஐயும் பாருங்கள். அந்த எண்ணிக்கை ஆய்வில் கரண்டும் கீமோவும் பெற்றவர்களுடையது. பாதியில் விட்டவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

கரண்டும் கீமோவும் எதிர்ப்பு சக்தியை அழித்துவிடாதா? நன்றாகக் குணமாகும் வகை என்றால் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கக் கூடாதா?

வெள்ளை அணுக்கள் குறையும். பயம் நியாயமானதுதான். ஆனால் கீமோவால் ஏற்படும் குறைவு பெரும்பாலும் தற்காலிகம். அந்த நாட்களில் கவனமாக இருந்தால் கடந்துவிடலாம். வீட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பௌர்ணமிக் கூட்டத்துக்குள் அவரை அனுப்ப வேண்டாம். கிரிவலம் சில மாதம் பொறுக்கும்.

குறைத்துக் கொடுக்கலாமா என்று மருத்துவ உலகமே யோசித்தது. சிஸ்பிளாட்டினுக்குப் பதில் பக்கவிளைவு குறைவென்று கருதிய செட்டுக்சிமாப் என்ற ஊசியைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2018-ல் வந்தது. இரண்டிலும் செட்டுக்சிமாப் பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். பக்கவிளைவும் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே ஆய்வுக்கு வெளியே, நாமாகக் குறைக்கும் பேச்சே வேண்டாம்.

ஏழு வாரத்துக்கு என்ன தயார் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். கரண்ட் தொடங்கும் முன் பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் வெந்துபோகும், எச்சில் வற்றும், ருசி போகும். நீங்கள் ஆக்கிப் போட்டதை அவர் ஒதுக்கினால் மனம் நோக வேண்டாம். குழைந்த சாதம், கூழ், முட்டை, மோர் என்று காரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறேழு தடவை கொடுங்கள். எடை வேகமாகக் குறைந்தால் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ டியூப் வைப்பார்கள். அது தோல்வியில்லை, சிகிச்சையை முடிக்க உதவும் வழி. சிஸ்பிளாட்டின் போடும் நாளில் சொன்ன அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரண்ட் வைக்கும் நாள் ஒன்றும் தவறக் கூடாது. இடைவெளி விட்டால் கட்டி மறுபடி தழைக்கும். பௌர்ணமியன்று மெஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் சரி.

வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் நீங்கள் போய்வரக்கூடிய இடங்கள். ஏழு வாரமும் தங்கிச் செய்துகொள்வதே நல்லது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள்.

வெளிநாட்டு அன்பர் சொன்ன எதிர்ப்பு சக்தி ஊசி?

அவர் சொல்வது பொய்யில்லை. டி செல்களைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை அவிழ்க்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துகள் அவை. இத்தகைய தடைகளை அவிழ்த்துப் புற்றுநோயை எதிர்க்கும் வழியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பெற்றார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 2016 முதல் அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது. ஆனால் முதலில் அனுமதி வந்தது நோய் திரும்பி வந்தவர்களுக்கும் மற்ற உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கும்தான். அறுவை இல்லாமல், கரண்ட், கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அறுவை செய்யப் போகிறவர்களில் சிலருக்கு, அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்க 2025-ல் அங்கே அனுமதி வந்திருக்கிறது. உங்கள் கணவரின் நிலையில், கரண்டுக்குப் பதிலாக இந்த ஊசி மட்டும் என்பது எங்குமே வழக்கத்தில் இல்லை.

விலையும் லட்சங்களில். இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருந்த 151 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத 20 மில்லிகிராம் நிவோலுமாப்பை விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 சதவீதம்; ஊசியும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். உங்களுக்கு இப்போது இது தேவையில்லை. பிற்பாடு என்றாவது தேவைப்பட்டால், பணம் இல்லையே என்று முதலிலேயே கைவிட்டுவிடாதீர்கள். குறைந்த அளவு முறை பற்றிக் கேளுங்கள்.

தடுப்பூசி இருக்கிறதாமே? அவருக்குப் போடலாமா? மகளுக்கு 13 வயது, மகனுக்கு 11.

அவருக்குப் பயனில்லை. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெற்றுக் கூடு. அதைப் பார்த்து உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி, வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே மறித்துவிடும். நுழைந்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைகள் இருவருக்கும் இதுவே சரியான வயது. உலகத்தில் பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: இந்தத் தொண்டைப் புற்றுநோய் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கோஸ்டாரிகாவில் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டு நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது வாயில் 16, 18 வகை வைரஸ் இருப்பது 93 சதவீதம் குறைந்திருந்தது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023 முதல் இங்கேயே கிடைக்கிறது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் போடலாம். 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. மகளின் பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் விசாரியுங்கள். மகனுக்கு நீங்களாகத்தான் போட வேண்டியிருக்கும்.

*

டாக்டர், செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். வயது 44. பன்னிரண்டு வருஷமாகப் புகையிலையை வாயில் அடக்கும் பழக்கம். தொண்டைப் புற்றுநோயே வைரஸால்தான் வருகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் புகையிலைக்குப் பயப்பட வேண்டாம்தானே? தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதுமா?

– ரமணாசிரமம் ஆட்டோ நிறுத்தத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, அந்த வீடியோ பேசியிருப்பது அமெரிக்காவைப் பற்றியதாக இருக்கும். உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து கன்னத்திலும் ஈறிலும் நாக்கிலும் புகையிலையால் வருவது. அதை எந்தத் தடுப்பூசியும் தடுக்காது. மேலே சொன்ன நல்ல குண விகிதமும் அதற்குக் கிடையாது. வைரஸ் வகை வந்தவர்களிலேயே நீண்ட காலம் புகைபிடித்தவர்களுக்குப் பலன் குறைந்ததை அந்த 2010 ஆய்வு காட்டியிருக்கிறது.

இன்று வீட்டில் கண்ணாடி முன் நின்று வாயை நன்றாகத் திறங்கள். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே செங்குத்தாக வையுங்கள். நுழையவில்லை என்றால், நீங்கள் புகையிலையோடு பாக்கும் போடுகிறவரானால், அது உங்கள் கன்னத்தை ஏற்கெனவே இறுக்கியிருக்கலாம். புகையிலை அடக்கும் பக்கத்தில் கன்னத்தை இழுத்து, வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரமாக ஆறாத புண், விழுங்கும்போது காதுவரை இழுக்கும் வலி, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். ஒன்றுமே இல்லை என்றாலும் பன்னிரண்டு வருடப் பழக்கத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்ப்பது அவசியம்.

நிறுத்துவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். தனியாகப் போராட வேண்டாம். 1800 11 2356 என்பது புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் இலவச எண். சவாரி இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். வாயில் திட்டு எதுவும் இல்லாமல் இன்றைக்கே நிறுத்தினால், கரண்ட், கீமோ என்ற பேச்சு உங்கள் வீட்டுக்கு வராமலே போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.